உச்சிக்குழியின் கீழே: பச்சிளம் குழந்தையின் மூளைக் கசிவை மின்சாரத்தால் காண முடியுமா?



குறைமாதக் குழந்தைகளுக்காக ஜெபிக்கும்படி முன்பு ஒரு மடலில் கேட்டிருந்தோம். அதை வாசித்த சகோதரர் ஒருவர் இப்படி எழுதினார்: "குழந்தையின் மூளைக்குள் இரத்தம் கசிந்தால் மின்சாரத்தைக் கொண்டே கண்டுபிடிக்கும் கருவி இருக்கிறதாமே? விலை என்ன என்று தெரிவித்தால் எங்கள் சபையார் சேர்ந்து வாங்கித் தருவோம்."

அந்த அன்புக்காகக் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறோம். ஆனால் அவருக்குரிய பதில் ஒரு வரியில் முடிவதல்ல. காணிக்கை கொடுக்கிறவர்களுக்கு உள்ளதை உள்ளபடி சொல்லுவது எங்கள் கடமை. ஆகவே இந்த மடலில் அதையே விளக்கமாக எழுதுகிறோம்.

கசிவு எங்கே, ஏன் உண்டாகிறது?

கோவில்பட்டிக்குக் கிழக்கே, விளாத்திகுளம், புதூர் பக்கத்துக் கரிசல் கிராமம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். தலைப்பிரசவத்துக்காக வளைகாப்பு முடிந்து ஒரு பெண் தாய்வீட்டுக்கு வந்திருக்கிறாள். ஏழாம் மாதம் நடக்கிறது. திடீரென்று வலி எடுக்கிறது. நாள் இன்னும் இருக்கிறதே, சூட்டு வலியாய் இருக்கும் என்று வீட்டார் கஷாயம் வைத்துக் கொடுத்துக் காத்திருக்கிறார்கள். விடிவதற்குள் குழந்தை பிறந்துவிடுகிறது. எடை ஒன்றேகால் கிலோ. அதன்பின் துணியில் சுற்றிக்கொண்டு மேடுபள்ளமான சாலையில் ஆஸ்பத்திரிக்கு ஓட்டம். இது ஒரு குடும்பத்தின் கதை அல்ல. நம் பகுதியில் பலருக்கும் தெரிந்த காரியம்.

அப்படிப்பட்ட குழந்தையின் மூளையின் நடுவில், நீர் நிறைந்த அறைகளின் ஓரத்தில், மிக மெல்லிய இரத்தக் குழாய்கள் நிறைந்த ஒரு பகுதி உண்டு. மூளையின் புதிய செல்கள் அங்கேதான் உருவாகின்றன. கர்ப்பம் முதிர முதிர அந்தப் பகுதி தானே சுருங்கி, ஏறக்குறைய எட்டாம் மாதத்துக்குள் மறைந்துவிடும். நாள் முழுமையாகிப் பிறக்கும் குழந்தைக்கு அந்த ஆபத்து இல்லை. 32 வாரத்துக்கு முன்பு, அல்லது ஒன்றரைக் கிலோவுக்குக் குறைவாகப் பிறக்கும் குழந்தைக்கோ அது இன்னும் இருக்கிறது. மூச்சுத்திணறல், குளிர், இரத்த அழுத்தத்தின் ஏற்ற இறக்கம், தலை குலுங்கும் பயணம் இவற்றில் எதுவும் அந்த நூலிழைக் குழாய்களை உடைத்துவிடலாம். உடைந்தால் இரத்தம் நீரறைகளுக்குள் இறங்கும். மிகுந்துபோனால் மூளைத் திசுவையும் பாதிக்கும்.

2020-ஆம் ஆண்டில் உலகம் முழுவதிலும் ஏறக்குறைய 1 கோடியே 34 இலட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தார்கள். அவர்களில் சுமார் 30 இலட்சம் பேர் நம் இந்தியாவில் பிறந்தவர்கள். வேறெந்தத் தேசத்திலும் இத்தனை பேர் இல்லை.

அழுது சொல்லாத வியாதி

இந்தக் கசிவின் பயங்கரம் என்னவென்றால், பல வேளைகளில் அது ஓர் அடையாளமும் காட்டுவதில்லை. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் டாக்டர் லூ-ஆன் பபில் என்பவரும் உடன்பணியாளர்களும் 1978-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒன்றரைக் கிலோவுக்குக் குறைந்த எடையுள்ள 46 குழந்தைகளை வரிசையாக சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, 20 பேருக்கு மூளையின் நீரறையில் இரத்தம் இருந்தது. கசிவு ஏற்பட்டும் உயிர் பிழைத்த 9 குழந்தைகளில் 7 பேருக்கு வெளியே எந்த அறிகுறியும் காணப்படவில்லை. கசிவை நான்கு படிகளாகப் பிரித்து அவர்கள் கொடுத்த அளவுகோலையே இன்றும் மருத்துவர்கள் பின்பற்றுகிறார்கள். முதல் இரண்டு படிகள் சிறியவை. பெரும்பாலும் தானே ஆறிவிடும். மூன்றும் நான்கும் கடினமானவை. தலையில் நீர் கோத்தல், கைகால் விறைப்பு, வலிப்பு, படிப்பில் பின்தங்குதல் போன்ற பின்விளைவுகள் இவற்றால் வரக்கூடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இக்கசிவுகளில் ஏறக்குறைய பாதி பிறந்த முதல் நாளிலேயே உண்டாகின்றன. சுமார் 90 சதவீதம் முதல் மூன்று நாளுக்குள் உண்டாகிவிடுகின்றன. ஆகவே அந்த 72 மணி நேரமே மிக முக்கியமானது.

இன்று எப்படிக் கண்டுபிடிக்கிறோம்?

குழந்தையின் தலையில் கை வைத்தால் மெத்தென்று துடிக்கும் உச்சிக்குழியை எல்லாத் தாய்மாரும் அறிவார்கள். அங்கே எலும்பு இன்னும் கூடவில்லை. கேளா ஒலி அலைகள் எலும்பைக் கடந்து செல்ல முடியாமல் திணறும். உச்சிக்குழி வழியாகவோ எளிதாக உள்ளே போய்த் திரும்பும். ஆகவே 1970-களின் பிற்பகுதியிலிருந்து அந்த இடத்தில் அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்து மூளையைப் பார்க்கிறார்கள். குழந்தையை இன்குபேட்டரிலிருந்து வெளியே எடுக்க வேண்டியதில்லை. கதிர்வீச்சு இல்லை, வலியும் இல்லை. இன்றைக்கும் இதுவே முதன்மையான சோதனை.

இதிலும் ஒரு குறை உண்டு. ஸ்கேன் அந்த நிமிஷத்தை மட்டுமே காட்டும். காலையில் பார்த்தபோது ஒன்றுமில்லாமல் இருந்து, மதியம் கசிந்திருந்தால், அடுத்த ஸ்கேன் வரை யாருக்கும் தெரியாது. மேலும் அதைப் பார்த்துச் சொல்லப் பயிற்சி பெற்ற ஒருவர் வேண்டும். இரவு இரண்டு மணிக்கு அப்படிப்பட்டவர் எல்லா மருத்துவமனையிலும் இருப்பதில்லை. இருதயத் துடிப்பை இரவும் பகலும் ஒரு கருவி காட்டிக்கொண்டே இருப்பதுபோல, மூளையையும் விடாமல் கண்காணிக்க ஒன்று இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்! இந்த ஏக்கத்திலிருந்துதான் மின்தடைப் படம் என்னும் முயற்சி தொடங்கியது.

கிணற்றுக்கு நீரோட்டம் பார்ப்பதுபோல

இதை விளங்கிக்கொள்ளக் கரிசல் காட்டு விவசாயிக்குப் பெரிய படிப்பு வேண்டாம். ஆழ்துளைக் கிணறு போடுமுன் நீரோட்டம் பார்க்கிறோம் அல்லவா? தேங்காயையோ வேப்பங்குச்சியையோ வைத்துப் பார்ப்பதைச் சொல்லவில்லை. நிலநூல் படித்தவர்கள் கருவியோடு வந்து பார்ப்பதைச் சொல்லுகிறோம். அவர்கள் நிலத்தில் நான்கு இரும்புக் குச்சிகளை வரிசையாக அடிப்பார்கள். வெளிப்புறத்து இரண்டு குச்சிகளின் வழியாக மின்சாரத்தை மண்ணுக்குள் விடுவார்கள். உட்புறத்து இரண்டில் மின்னழுத்தத்தை அளப்பார்கள். காய்ந்த பாறை மின்சாரத்தை எளிதில் விடாது. பாறை இடுக்கில் நீர் இருந்தால் விட்டுவிடும். உவர்நீராயிருந்தால் இன்னும் எளிதாக விடும். குச்சிகளின் இடைவெளியைக் கூட்டக் கூட்ட ஆழத்தில் இருப்பது தெரியவரும். இப்படி மேலே நின்றபடியே, தோண்டாமல், கீழே இருப்பதைக் கணிக்கிறார்கள்.

மூளைக் கசிவைக் காணும் முறையும் இதுவே. மண்ணுக்குப் பதில் குழந்தையின் தலை. இரும்புக் குச்சிக்குப் பதில் தோலில் ஒட்டும் சிறு மின்முனைகள். உடலின் ஒவ்வொரு பகுதியும் மின்சாரத்தை ஒவ்வொரு அளவில் கடத்துகிறது. மூளைத் திசுவைவிட இரத்தம் இரண்டு மடங்குக்கு மேல் நன்றாகக் கடத்தும். மூளையைச் சூழ்ந்துள்ள தெளிந்த நீர் அந்த இரத்தத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் நன்றாகக் கடத்தும். அந்த நீர் உவர்நீரைப் போன்றது. இரத்தத்திலும் உப்பு உண்டு. ஆனால் அதில் நிறைந்துள்ள சிவப்பணுக்கள் ஒவ்வொன்றும் கொழுப்புச் சவ்வால் மூடப்பட்டிருப்பதால் மின்சாரம் அவற்றைச் சுற்றிக்கொண்டு போகவேண்டியிருக்கிறது.

ஆகவே இரத்தம் மூளைத் திசுவுக்குள் கசிந்தால் அவ்விடத்தின் மின்தடை குறையும். நீரறைக்குள் கசிந்து அங்கிருந்த நீரோடு கலந்தால் மின்தடை கூடும். எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது என்று கவனித்தாலே ஏதோ நேர்ந்திருக்கிறது என்று அறியலாம்.

வழக்கமான ஒரு கருவியில் 16 மின்முனைகளைச் சுற்றிலும் ஒட்டுகிறார்கள். அடுத்தடுத்த இரண்டின் வழியாக மின்சாரத்தைச் செலுத்தி, மீதமுள்ளவற்றில் பக்கத்துப் பக்கத்து இணைகளுக்கிடையே 13 அளவுகள் எடுக்கிறார்கள். பிறகு அடுத்த இணைக்கு மாற்றுகிறார்கள். ஒரு சுற்று முடியும்போது 208 அளவுகள் கிடைக்கும். செலுத்தும் மின்சாரம் ஓர் ஆம்பியரில் ஆயிரத்தில் சில பங்குதான். பச்சிளம் குழந்தைக்கு அதிலும் குறைவு. அதிவேகமாகத் திசை மாறும் மின்சாரம் ஆதலால் குழந்தைக்கு உணர்வே இராது. அந்த அளவுகளைக் கொண்டு கம்ப்யூட்டர் உள்ளே இருப்பதன் படத்தை வரைகிறது.

பூமியிலிருந்து தொட்டிலுக்கு

இந்தக் கலை பூமியிலிருந்தே மருத்துவத்துக்கு வந்தது. அர்ஜென்டினா தேசத்தாரான ஆல்பர்ட்டோ கால்டெரோன், இளவயதில் அந்நாட்டு எண்ணெய் நிறுவனத்தில் பொறியாளராக வேலை செய்தபோது, மேலே அளந்த மின்சாரத்தைக் கொண்டு பூமிக்குள் இருப்பதை அறிய முடியுமா என்று யோசித்தார். பிற்காலத்தில் பெரிய கணித மேதையாகி, 1980-ல் அந்தக் கணக்கை வெளியிட்டார். அதே 1980-களின் முற்பகுதியில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் டேவிட் பார்பர், பிரையன் பிரவுன் என்னும் இருவர் மனித உடலில் இம்முறையால் படம் எடுத்தார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் லயனல் தரசெங்கோ, பிறந்த குழந்தையின் தலையில் மின்தடையை அளப்பதைப் பற்றியே 1985-ல் தம் முனைவர் பட்ட ஆய்வைச் சமர்ப்பித்தார். பின்னர் அமெரிக்காவில் ரோஸலிண்ட் சாட்லியரும் உடன் ஆய்வாளர்களும், நீரறைக் கசிவைக் காண மின்முனைகளை எப்படி அமைப்பது நல்லது என்று 2010-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 2016-ல் பன்றிக்குட்டிகளில் கசிவின் அளவைக் கணித்த ஆய்வையும் வெளியிட்டார்கள்.

இன்று இதே மின்தடைப் படம் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நுரையீரலைக் கவனிக்கப் பயன்படுகிறது. மூச்சு உள்ளே போகும்போது மின்தடை பெரிதாக மாறுவதால் அங்கே அது எளிது. பச்சிளம் குழந்தையின் மூளைக்கோ இது இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது. எல்லா மருத்துவமனையிலும் வாங்கி வைக்கும் கருவியாக அது இன்னும் வரவில்லை.

காரணங்கள் பல. மண்டையோடு மின்சாரத்தை எளிதில் விடாது. குழந்தையின் மண்டையோடு மெல்லியது, இடையிடையே திறப்புகளும் உண்டு என்பது ஓர் உதவி. ஆனால் அந்தத் திறப்புகள் வழியாக மின்சாரம் ஒருபக்கமாய் ஓடிவிடுவதால் கணக்குச் சிக்கலாகிறது. மின்சாரம் எக்ஸ்ரேயைப்போல நேர்கோட்டில் போகாமல் எங்கும் பரவுவதால் படம் மங்கலாகவே கிடைக்கும். குழந்தை தலையைத் திருப்பினாலும், மின்முனை சற்று நழுவினாலும் அளவு மாறிவிடும். குறைமாதக் குழந்தையின் தோல் ஈரக் காகிதத்தைப் போன்றது. அதில் 16 இடங்களில் ஒட்டி எடுப்பதும் எளிதல்ல. இவற்றையெல்லாம் தாண்டும் வழியை ஆய்வாளர்கள் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

கண்டுபிடித்த பின் என்ன?

கசிந்த இரத்தத்தை நிறுத்தும் மருந்து ஏதும் இல்லை. அப்படியானால் கண்டுபிடித்து என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். பயன் உண்டு. கசிவு தெரிந்தால் குழந்தையை இன்னும் மென்மையாகக் கையாளுவோம். இரத்த அழுத்தம் ஏறி இறங்காதபடி பார்ப்போம். வாரந்தோறும் தலைச்சுற்றளவை அளந்து, நீர் கோக்கிறதா என்று கவனிப்போம். கோத்தால், அந்த நீரை வயிற்றுக்குள் வடிக்கும் ஒரு குழாயை அறுவை சிகிச்சையால் வைக்கலாம்.

இங்கே பங்காளர்களாகிய நீங்கள் மகிழத்தக்க ஒரு செய்தி உண்டு. ஆப்பிரிக்காவின் உகாண்டாவில், ம்பாலே நகரிலுள்ள ஒரு கிறிஸ்தவ மிஷன் மருத்துவமனையில் டாக்டர் பெஞ்சமின் வார்ஃப் என்பவர், இந்தியாவில் செய்யப்படும் குறைந்த விலை 'சாப்ரா' குழாயை மேல்நாட்டு விலையுயர்ந்த குழாயோடு 195 குழந்தைகளில் ஒப்பிட்டுப் பார்த்தார். ஒன்றின் விலை 35 டாலர். மற்றொன்றின் விலை 650 டாலர். ஓர் ஆண்டின் முடிவில் இரண்டுக்கும் பலனில் வேறுபாடு காணவில்லை என்று 2005-ல் வெளியிட்டார். விலையுயர்ந்ததே சிறந்தது என்று எப்போதும் எண்ணிவிடக் கூடாது.

இன்றே கையிலிருக்கும் உதவிகள்

இப்போது சகோதரரின் கேள்விக்கு வருகிறோம். கசிவைக் காண்பதைவிடக் கசிவே வராமல் தடுப்பது மேலானது. அதற்கான வழிகள் ஏற்கெனவே நம் கையில் இருக்கின்றன. பலவும் விலை குறைந்தவை.

முதலாவது, தாய்க்கு ஓர் ஊசி. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் கிரஹாம் லிகின்ஸ் என்பவர் ஆடுகளில் குறைமாதப் பிரசவத்தை ஆராய்ந்தபோது, ஸ்டீராய்டு மருந்து பெற்றபின் வெகுமுன்னதாகப் பிறந்த ஓர் ஆட்டுக்குட்டி எதிர்பாராமல் மூச்சுவிட்டு உயிரோடிருந்ததைக் கண்டார். பிறகு ராஸ் ஹவி என்னும் குழந்தை மருத்துவரோடு சேர்ந்து 282 தாய்மாரிடம் அதைச் சோதித்து 1972-ல் வெளியிட்டார். குழந்தையின் நுரையீரல் பலப்படுகிறது என்பதற்காகத் தொடங்கிய அந்த ஊசி, மூளைக் கசிவையும் ஏறக்குறைய பாதியாகக் குறைக்கிறது என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின. ஆனாலும் அமெரிக்காவிலேயே அதை எல்லாருக்கும் கொடுக்கவேண்டும் என்ற பரிந்துரை 1994-ல்தான் வந்தது. 22 ஆண்டுகள்! தெரிந்த நன்மை தொட்டில் வரை வந்து சேர எவ்வளவு காலம் ஆகிவிடுகிறது பாருங்கள். இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்தி 2020-ல் வெளியிட்ட ஆய்விலும், நல்ல கவனிப்புள்ள மருத்துவமனைகளில் இந்த ஊசி குழந்தை மரணங்களைக் குறைத்தது. ஆனால் அது முழுப் பலன் தர பிரசவத்துக்கு முன் ஒரு நாளாவது வேண்டும். ஆகவேதான், நாள் ஆகுமுன் வலி வந்தால் கஷாயம் வைத்துக் காத்திராமல் உடனே வாருங்கள் என்று கிராமம் கிராமமாகச் சொல்லுகிறோம்.

இரண்டாவது, தாயின் வயிற்றைவிடப் பத்திரமான ஊர்தி வேறில்லை. பிறந்தபின் சிறுகுழந்தையைத் திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ கொண்டு ஓடுவதைவிட, பிறக்குமுன் தாயைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது நல்லது.

மூன்றாவது, பிறந்தவுடன் வெப்பமும் மென்மையும். அவசரமில்லாத வேளையில் தொப்புள்கொடியைச் சற்றுப் பொறுத்து வெட்டுவது, தலையை நேராக வைப்பது, தாயின் மார்போடு அணைத்து வைக்கும் கங்காரு முறை ஆகியவை இதில் அடங்கும். கொலம்பியாவில் 1978-ல் தொடங்கிய அந்த முறையை, பிறந்த உடனேயே தொடங்கினால் மரணங்கள் நான்கில் ஒரு பங்கு குறைகின்றன என்று நம் நாடும் பங்குபெற்ற ஓர் ஆய்வு 2021-ல் காட்டியது. பாட்டிமார் அன்போடுதான் தலையை உருட்டிப் பிடித்து, மூக்கை நீவி, குலுக்கிக் குளிப்பாட்டுகிறார்கள். குறைமாதக் குழந்தைக்கு அது வேண்டாம் என்று நாங்கள் பணிவோடு சொல்லும்போது பெரும்பாலும் கேட்டுக்கொள்ளுகிறார்கள்.

நான்காவது, எல்லாக் குழந்தைக்கும், நிறைமாதக் குழந்தைக்கும்கூட, பிறந்தவுடன் வைட்டமின் கே ஊசி. இது இல்லாவிட்டால், தாய்ப்பால் மட்டும் குடித்து நன்றாக வளரும் பிள்ளைக்கும் ஒன்று இரண்டு மாதத்தில் திடீரென்று மூளைக்குள் இரத்தம் கசியக்கூடும். ஒரு மில்லிகிராம் மருந்து அதைத் தடுத்துவிடும்.

சகோதரருக்கு எங்கள் பதில்

ஆகவே, அன்பு சகோதரரே, அந்தக் கருவியை இப்போது வாங்க வேண்டாம். அது ஆயத்தமாகும் நாள் வந்தால் நாங்களே உங்களிடம் கேட்போம். அதுவரை உங்கள் சபையாரின் காணிக்கை, தாய்மாருக்கான ஊசிக்கும், இரவில் செல்லும் ஊர்திக்கும், உச்சிக்குழி வழியாக ஸ்கேன் பார்க்கச் செவிலியருக்கும் இளம் மருத்துவருக்கும் பயிற்சி கொடுப்பதற்கும் உதவட்டும். பெயர்ப்பலகை எழுதி மாட்டுவதற்கு இவற்றில் ஒன்றும் இல்லை. ஆனால் இவற்றால் காப்பாற்றப்படும் குழந்தைக்கு என்ன நேராமல் போயிற்று என்பதைக் கர்த்தர் அறிவார்.

ராக்லாந்து ஐயர் 1854-ல் வட திருநெல்வேலியில் ஊழியத்தைத் தொடங்கியபோது, ஓரிடத்தில் பங்களா கட்டி உட்காரவில்லை. கூடாரத்தோடு இந்தக் கரிசல் காட்டில் ஊர் ஊராகச் சென்றார். 1858-ல் சிவகாசியில் மரிக்கும்வரை அவர் வழி அதுவே. தாய்மாரைத் தேடி நாங்கள் ஊர் ஊராகப் போவதும் அந்த வழியில்தான்.

ஜெபக் குறிப்புகள்

1. நம் பகுதியில் கர்ப்பந்தரித்திருக்கும் தாய்மாருக்காகவும், நாள் ஆகுமுன் வலி வந்தால் தாமதியாமல் வரும்படியும் ஜெபியுங்கள்.

2. குறைமாதத்தில் பிறந்து இன்குபேட்டரில் இருக்கும் குழந்தைகளின் முதல் மூன்று நாட்களுக்காக ஜெபியுங்கள்.

3. தலையில் நீர் கோத்தும், கைகால் விறைத்தும் வளரும் பிள்ளைகளுக்காகவும், அவர்களைத் தூக்கிச் சுமக்கும் தாய்தகப்பன்மாருக்காகவும் ஜெபியுங்கள்.

4. இரவுப் பணியிலிருக்கும் நம் செவிலியரின் பெலத்துக்காக ஜெபியுங்கள்.

5. மின்தடைப் படம் போன்ற புதிய வழிகளைத் தேடும் ஆய்வாளர்களுக்கு ஆண்டவர் ஞானம் தரும்படியும், அவர்கள் காண்பது ஏழைகளின் தொட்டிலுக்கும் சீக்கிரம் வந்து சேரும்படியும் ஜெபியுங்கள்.

கர்ப்பத்திலேயே ஒவ்வொரு சிசுவையும் அறிந்திருக்கிற ஆண்டவர் உங்களையும் உங்கள் வீட்டாரையும் ஆசீர்வதிப்பாராக.

கர்த்தருடைய பணியில் உங்கள் அன்புள்ள,
குழந்தைகள் பிரிவு மருத்துவர்